மூச்சுக்குப் பிறகே உதடு

இயேசு மரி சூசை துணை

கள்ளப்பாடு,
முல்லைத்தீவு.
18.04.1999

அன்பு மகன் யூட்சனுக்கு அம்மா ஆசீர்வதித்து எழுதுவது. உயிர்த்த ஆண்டவரின் இரக்கத்தால் நாங்கள் மூவரும் உயிரோடும் உணவோடும் இருக்கிறோம், நோர்வேயின் குளிர் உன் உடலையும் மனத்தையும் தீண்டாதிருக்க வேண்டுமென்று ஒவ்வொரு மாலைச் செபமாலையிலும் உன்னைச் சொல்லி வருகிறேன். உன் கடிதம் பெரிய வெள்ளிக்கு முதல்நாள் கிடைத்தது. நாலு வருசமாய் அப்பா ஒரு வரிகூடச் சொல்லி எழுதுவிக்கவில்லை, ஏசினாலும் பரவாயில்லை, அவருடைய குரலை ஒரு கசெற்றில் பிடித்து அனுப்புங்கோ என்று கேட்டிருந்தாய். அதை வாசித்த பிறகும் மறைத்தால் நான் நற்கருணை வாங்கத் தகுதியற்றவள். மகனே, கடந்த ஐப்பசியில் உன் அப்பாவுக்குப் பாரிசவாதம் வந்தது. வலப்பக்கம் விழுந்தது, பேச்சும் போயிற்று. காலில் பாதி திரும்பிவிட்டது, இப்போது தடியூன்றி நடக்கிறார், பேச்சுத்தான் திரும்பவில்லை. அப்பா சுகம் என்று நான் எழுதிய ஐந்து கடிதங்களும் அதற்குப் பின் எழுதியவைதாம். சொன்னால் நீ எல்லாவற்றையும் போட்டுவிட்டு சண்டை நடக்கும் இந்தப் பாதையில் புறப்படுவாய் என்ற பயமே காரணம், மன்னித்துக்கொள்.

இன்னொன்றையும் நீ அறிய வேண்டும். அவர் கடலில் நின்ற நேரம் சொல்லாமற் கொள்ளாமல் நீ வீட்டைவிட்டுப் போனாயல்லவா, அன்று ஈரச் சாரத்தோடு வாசலில் நின்று, இனி அவனை என்ர வாயால கூப்பிட மாட்டன் என்று சொன்னார். சொன்னபடி மூன்று வருடம் இருந்தார். ஆனால் நோய் விழுந்த மறுகிழமை, இடக்கையால் தன் வாயைக் காட்டி, சுவரிலிருந்த உன் படத்தைக் காட்டி, பிறகு நெஞ்சில் அடித்துக்கொண்டார். அந்த ஆணைக்காகவே ஆண்டவர் நாவைக் கட்டினார் என்று எண்ணிவிட்டார். வேதாகமத்தில் ஊமையாகி, பிள்ளையின் பெயரைப் பலகையில் எழுதியதும் நாக்கு அவிழ்ந்த ஆசாரியரை நான் நினைவூட்டினேன், ஆனால் அவருக்கோ எழுதுகிற கையும் போயிருந்தது.

முப்பது வருடம் பிள்ளைகளுக்குத் தமிழ் படிப்பித்தவள் நான், ஒலிகள் பிறக்கும் இடமெல்லாம் எனக்கு மனப்பாடம், இவருக்குப் பேச்சை மீட்பது எனக்கு முடியாததா என்று இறுமாப்போடு தொடங்கினேன். முகக்கண்ணாடியை முன்னே வைத்தேன். இரண்டு உதடும் பூட்டித் திறந்தால் பகரம், அதே பூட்டில் காற்றை மூக்கால் விட்டால் மகரம், நாக்கின் நுனி மேற்பல்லைத் தொட்டால் தகரம், நுனி மடிந்து மேலண்ணத்தைத் தொட்டால் டகரம் என்று ஒவ்வொன்றாய்ச் செய்து காட்டினேன். கோயில் மெழுகுதிரித் துண்டைக் கொளுத்தி வாய்க்கு நேரே பிடித்து, பகரம் சொன்னால் சுடர் அசையும், மகரத்துக்கு அசையாது என்று விளக்கினேன். நாக்குக்கு வழி தெரியட்டும் என்று அண்ணத்தில் பனங்கட்டித் துகளை ஒட்டினேன், அவர் அதைச் சூப்பிவிட்டு அடுத்த துண்டுக்கு வாயைத் திறந்தார். உன் தங்கை றெஜி சிரித்து, அப்பாவை என்ன பண்டிதர் சோதினைக்கோ விடப்போறியள் அம்மா என்றாள். ஐந்து மாதம் முயன்றும் ஆ என்ற ஒன்றைத் தவிர வேறெதுவும் வரவில்லை. தபசுகாலத்தில் ஒருநாள் கண்ணாடியைக் குப்புறக் கவிழ்த்துவிட்டு எழுந்து போய்விட்டார். நானும் குசினிக்குள் போய் அழுதேன்.

உயிர்ப்பு ஞாயிறு கழிந்த புதன்கிழமை வீரபாகு அண்ணை தன் கரைவலையை வளைத்தார். ஆள் காணாது என்று வீட்டுக்கு வந்து, யாக்கோப்பண்ணை வாங்கோ, கயிறு இழுக்க வாய் தேவையில்லை, ஒரு கை காணும் என்று இவரை அழைத்துப் போனார். எனக்குக் கோபம், அவருடைய தடியோடு பின்னாலே போனேன். வலை இழுக்கையில் பாடும் அம்பாப் பாட்டை வழக்கமாய் எடுத்துக்கொடுக்கும் இவருக்குக் குரல் இல்லாதபடியால் ஒரு பெடியன் அடியெடுத்தான், தாளம் பிழைத்தது, ஒருவர் இழுக்கும்போது மற்றவர் விட, வலை அசையவில்லை. வீரபாகு அண்ணை, இதென்ன அம்பாவோ ஆட்டுக்குட்டி கத்துறதோ என்று ஏசினார். இவர் மணலில் இருந்தபடி இடக்கையால் கயிற்றைப் பிடித்தார். இழுக்கையில் மூச்சு நெஞ்சில் இறுகி நின்றது, கை தளர்ந்தபோது அந்த மூச்சோடு ஏலோ என்று குரல் வந்தது. மகனே, அது பழைய குரல்தான். இழுத்தவர்கள் திகைத்து ஏலேலோ என்று எதிர்வரி கொடுத்தார்கள், அவர் மறுபடியும் எடுத்தார், வலை நகர்ந்தது. கயிற்றில் நிற்பவர்களின் பெயரையும் தூரத்தில் இருக்கும் தம் பிள்ளைகளின் பெயரையும் அம்பாவில் சேர்த்துப் பாடுவது இந்தக் கரையின் வழக்கமல்லவா, அந்த இடம் வந்தபோது நான் வாயைப் பொத்திக்கொண்டேன். அவர் கண்ணை மூடி, தம்பி என்றார். இந்த வீட்டில் தம்பி என்று அவர் கூப்பிட்டது உன் ஒருவனைத்தான். எல்லாரும் கயிற்றை மறந்து நிற்க, வீரபாகு அண்ணை, கயித்தை விடாதேங்கோடா, அண்ணை தன்ர மகனைக் கூப்பிடுறார் என்று கத்தினார்.

மண்ணுக்கு உருவம் கொடுத்த ஆண்டவர் அதன் நாசியில் மூச்சை ஊதிய பிறகல்லவா மனிதன் எழுந்தான். நான் ஐந்து மாதமும் உதட்டையும் நாக்கையும் பிசைந்துகொண்டிருந்தேன். அடியிலிருந்து எழும் காற்றே எல்லா ஒலிக்கும் முதல் என்று வகுப்பில் எத்தனை முறை சொல்லியிருப்பேன், வீட்டில் மறந்துவிட்டேன்.

இன்னும் அவருக்குப் பேச வராது. தண்ணீர் வேண்டுமென்றால் கையைத்தான் காட்டுகிறார், பாட்டாய் எடுத்தால் மட்டும் சொல் வருகிறது, ஆகையால் நீ கேட்டபடி கசெற் பிடித்திருக்கிறோம். பற்றறி இங்கே கிடையாது, சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, றெஜி பெடலைச் சுற்ற டைனமோவில் கசெற் பெட்டி ஓடியது. தம்பி என்ற இடத்தில் அவள் அழுது கை தளர்ந்துவிட்டாள், அங்கே குரல் வேறு மாதிரிக் கேட்டால் பயப்படாதே, நோய் கூடியதென்று எண்ணாதே. வவுனியாவுக்குப் போகும் கமலேஸ்வரி ரீச்சரிடம் இந்தக் கடிதத்தோடு அதையும் கொடுக்கிறேன். குளிரில் காதை மூடிக்கொண்டு போ, ஞாயிறு பூசையைத் தவறவிடாதே, நேரத்துக்குச் சாப்பிடு. உன்னைப் பெற்றவர்களின் ஆசியும் நம்முடைய மாதாவின் அடைக்கலமும் உன் தலைமேல் என்றும் இருக்கட்டும்.

முக்கியமாக ஒன்று. கசெற்றில் அவர் ஒவ்வொரு அடியையும் பாடிவிட்டுச் சற்று நேரம் பேசாமல் இருப்பார். பழுதென்று நினைத்துவிடாதே. நான் எதிர்வரி கொடுக்கப்போனபோது கையால் என் வாயைப் பொத்திவிட்டார். அந்த இடங்களை உனக்காக விட்டிருக்கிறார். உன் குரலில் எதிர்வரியைப் பிடித்து அனுப்பு, அவர் கயிற்றைப் பிடித்தபடி இருக்கிறார்.

இப்படிக்கு,
உன் அன்பு அம்மா
யா. யூலிற்றா