அம்மாவின் முழங்காலும் தண்ணீர்க் குடமும்

அன்புள்ள அப்பாவுக்கு,

வணக்கம். உங்கள் இருமல் குறைந்ததா? நான் நலம். இந்த ஊர்க் குளிர்கூடப் பழகிவிட்டது.

நேற்று போனில், "அக்குபங்சர் ஊசி குத்துனதுலேர்ந்து உங்கம்மா குமரி மாதிரி மாடி ஏறுறா. தண்ணிக் குடத்தையும் அவளே தூக்கிட்டு வர்றா" என்று சிரித்தீர்கள். நான் வழக்கம்போல "சரிப்பா" என்று வைத்துவிட்டேன்.

இன்று நான் வேலை பார்க்கும் மருத்துவமனையின் மூட்டுவலிப் பிரிவுக்கு ஒரு பெரியவர் மனைவியோடு வந்திருந்தார். நான் அந்த அம்மாவின் முழங்காலிலிருந்து கடைசி அக்குபங்சர் ஊசியை எடுப்பதற்குள், "வலி போயிடுச்சில்ல? எந்திரி, வீட்ல வேலை கெடக்கு" என்றார். எனக்கு எங்கிருந்துதான் குரல் வந்ததோ! "ஐயா, வலிதான் அடங்கியிருக்கு. தேஞ்ச மூட்டு திரும்ப வளரல. ஊசி அவங்களுக்கு, சொகுசு உங்களுக்கா?" என்று கத்திவிட்டேன்.

"இந்தப் பொண்ணுக்கு வாய் இருக்கா!" என்றார் அவர்.

இருக்கிறது அப்பா. உங்களிடம்தான் அது திறப்பதில்லை. அதனால் எழுதுகிறேன். ஊசியால் கிடைத்த சுகம் அம்மாவுக்கு. உங்கள் குடத்துக்கு அல்ல. நல்ல முழங்கால் உங்களுக்குத்தானே இருக்கிறது? குடத்தை நீங்கள் தூக்குங்கள். அம்மா உட்கார்ந்து சமைக்க, சமையலறையில் உயரமான ஸ்டூல் ஒன்று போடுங்கள்.

இன்னொன்று. போனில் அம்மாவிடம் நான் கேட்பதற்கெல்லாம் நீங்களே பதில் சொல்லாதீர்கள். இங்கே என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட ஆளில்லை. அம்மா உட்கார்ந்து, மூச்சு வாங்காமல், என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும்.

மாலை வேலைக்கு நேரமாகிவிட்டது. கோபமாக எழுதியதற்கு மன்னிப்புக் கேட்டு ஒரு வரி எழுதினேன். அதை அடித்துவிட்டேன்.

உங்கள் மகள்