செல்வி அக்கா கொடுத்த தண்ணீர்

செவ்வாய், இரவு.

கல்லூரியில் மொழியியல் துணைப்பாடத்தை முடிக்க இந்த ஒரு வேலைதான் பாக்கி. ஒருவரை இரண்டு முறை பேசவைத்துப் பதிவு செய்து, காதில் விழுவதையெல்லாம் எழுதித் தர வேண்டும். இருமலைக்கூட விடக் கூடாது. எவன் போட்ட விதியோ!

காலையில் நோணாங்குப்பம் போய் முதல் பதிவை எடுத்தேன். செல்வி அக்கா மீன் விற்கிறவர். கணவர் இறந்த பிறகு தனியாகத்தான் இருக்கிறார். வீட்டில் நாங்கள் இருவர் மட்டும். கதவையும் சாத்தியிருந்தோம்.

சாயங்காலம் ஹெட்போனில் கேட்டேன். அக்கா மீன் விலையைப் பற்றிப் பேசும்போது, மைக்குக்கு வெகு அருகில் ஓர் ஆண் குரல்.

"செல்வி, தண்ணி குடு."

அக்கா பேச்சை நிறுத்தவே இல்லை. கொஞ்சம் கழித்து எழுந்து போய்ச் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்தார். நான் குடித்தேன். மடக் மடக்கென்று அந்தச் சத்தமும் பதிவில் இருக்கிறது.

போன் செய்து சொன்னேன். யார் குரல் என்று அவர் கேட்கவில்லை.

"தண்ணியா கேட்டாரு? எனக்குக் கேக்கலியேம்மா. அவரு எடத்துல நீ உக்காந்திருந்தியா, உனக்குத்தான் தாகம்னு நெனச்சு குடுத்துட்டேன்." அழுதார். "நாளைக்கும் அந்த மிஷின எடுத்துக்கினு வா."

பதிவுத் தாளில் பேசியவர்கள் என்ற இடத்தில் இரண்டு என்று எழுதியிருந்தேன். அடித்துவிட்டு மூன்று என்று எழுதினேன்.

நாளை போகத்தான் வேண்டும். தண்ணீர் கொடுத்தால் குடிக்க மாட்டேன். வாங்கி, அவருக்கென்று பக்கத்தில் வைத்துவிடுவேன்.