பால் பொங்கிய வீடு

செவ்வாய், இரவு.

மகனுக்குச் சிங்கப்பூரில் வேலை கிடைத்ததால், இன்று ஆங் மோ கியோவில் குடியேறினோம். பால் காய்ச்ச, சம்பந்தியம்மா சீராகக் கொடுத்த வெள்ளிச் செம்பை அடுப்பில் வைத்தேன். சூடே ஏறவில்லை.

"இது இண்டக்‌ஷன் அடுப்பு அத்தை, இரும்புப் பாத்திரம்தான் சூடாகும், வெள்ளி சூடாகாது," என்றாள் மருமகள்.

"உங்கம்மா கொடுத்ததாச்சே, எப்படிச் சூடாகும்? கல்யாணப் பந்தியில எனக்கு ஊத்தின காப்பியும் இப்படித்தான்."

எதிர்வீட்டுப் பாத்திமா பாலை வாங்கிப்போய், தன் கேஸ் அடுப்பில் காய்ச்சிக் கொண்டுவந்தாள். "நல்லா பொங்கிருச்சு லா, ஆன்ட்டி!" என்றாள். இந்த ஊரில் எதைச் சொன்னாலும் ஒரு 'லா' போடுகிறார்கள்.

பொங்கியது அவள் வீட்டில். அப்படியானால் எங்களுக்கு வரவேண்டிய அதிர்ஷ்டமும் அங்கேதானே இருக்கும்? நாளை மகனுக்கு வேலையில் முதல் நாள். காலையில் அவன் எதிர்வீட்டு வாசலிலிருந்தே புறப்படட்டும்.

பாத்திமாவிடம் சொல்லிவிட்டேன். அவனிடம்தான் இன்னும் சொல்லவில்லை.