கல் வாங்கும் யோசனை

மார்ச் 3, செவ்வாய்

இன்றும் தட்டில் பாதிச் சோறு மிச்சம். எடுக்கப் போனேன், அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். ஐந்து மாதமாக அந்தச் சுவரில் அப்படி என்னதான் படம் ஓடுகிறதோ.

மகள் போனில் புது யோசனை சொன்னாள். "அம்மா, வெளியில வச்சு சமைக்கிற பெரிய தோசைக்கல் அடுப்பு இப்ப கடையில வருது. ஒண்ணு வாங்கிப் பின்வாசல்ல போடு. அப்பா அதுக்கு முன்னாடி நின்னா எல்லாம் சரியாயிடும்."

எல்லாம் சரியாகிவிடுமாம். தூரத்தில் இருப்பவர்களுக்கு எதுவும் சுலபம்தான். பக்கவாதம் வந்து வலது கை தொங்கிப்போன மனுஷனுக்குக் கல் வாங்கிக் கொடுப்பதும், பல்லில்லாதவன் கையில் கரும்பைக் கொடுப்பதும் ஒன்று. நன்றாகத் திட்டிவிட்டுத்தான் போனை வைத்தேன். வைத்த பிறகு ஏனோ தையல் டேப்பை எடுத்துக்கொண்டு போய்ப் பின்வாசலை அளந்தேன். ஏழடி. இடம் இருக்கிறது.

மார்ச் 5, வியாழன்

மதியம் வேலையில் என் ஜெராக்ஸ் கவுன்டரைப் பக்கத்து மேசைக்காரியிடம் விட்டுவிட்டு, மகள் சொன்ன கல் விற்கும் கடைக்குப் போனேன். வாசலிலேயே நிற்கிறது. நாலு பர்னர், மூன்றடி நீளம், காலில் சக்கரம், எண்ணெய் வடிய ஒரு தொட்டி. மேலே 'அவுட்டோர் கிரிடில்' என்று அட்டை. கல் என்று எழுதினால் குறைந்தா போய்விடும்?

"ஒரே நேரத்துல இருபது முட்டை ஊத்தலாம்மா," என்றார் கடைக்காரர். "வீட்டுல எத்தனை பேரு?"

"ரெண்டு பேரு."

மனுஷர் அடுத்த ஆளைக் கவனிக்கப் போய்விட்டார். வெளியே வந்து பஸ்ஸுக்கு நின்றபோது அழுகை வந்துவிட்டது. சீ, நடுரோட்டில். கண்ணில் தூசி விழுந்தவள் மாதிரி கசக்கிக்கொண்டேன்.

மார்ச் 8, ஞாயிறு

தூக்கம் இல்லை, பகலிலும் இல்லை. எழுதவாவது செய்கிறேன்.

ஆலை கேன்டீனில் இருபத்தாறு வருஷம் கல்லுக்கு முன்னால் நின்றவர். கல் மாஸ்டர் என்றால்தான் எல்லாருக்கும் தெரியும். ஷிப்டு மாறும் அரைமணி நேரத்தில் முந்நூறு முட்டை. ஒன்றுகூடக் கிழியாது என்று அவருக்கு ஒரே பெருமை. வீட்டில் என் முட்டை கிழிந்தால், "ஆஹா, மேப்பு மாதிரி போட்டிருக்கியே," என்பார். அப்போது பற்றிக்கொண்டு வரும். இப்போது அதை ஒருமுறை சொல்ல மாட்டாரா என்று இருக்கிறது.

அங்கே ஒரு வழக்கம் உண்டு. காலையில் கல்லில் விழும் முதல் முட்டை விற்பனைக்குக் கிடையாது. முந்தின நாள் கல் கழுவினவர் யாரோ அவர்தான் அதைத் தின்ன வேண்டும். சுரண்டாமல் விட்டிருந்தாலும், சோம்பேறித்தனமாகச் சோப்பு போட்டிருந்தாலும் அவர் நாக்குக்கே தெரிந்துவிடும். சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். நானும் எத்தனை தரம் சிரித்திருக்கிறேன்.

மார்ச் 10, செவ்வாய்

கைப்பயிற்சிக்கு வரும் பெண்ணின் கையை இன்று தள்ளிவிட்டார். "வாயும் வரும், கையும் வரும்மா. அவரு மனசு வைக்கணுமே," என்று சொல்லிவிட்டுப் பையை மூடிக்கொண்டு போய்விட்டாள். டாக்டரும் இதைத்தான் சொன்னார். பேச்சு முழுசாகப் போகவில்லை, பேசத்தான் மாட்டேன் என்கிறார் என்று. என்னிடம் 'ம்' மட்டும்தான். அதுவும் சில நாள் இல்லை.

நேரடியாகவே கேட்டுவிட்டேன். "என்னங்க, பின்வாசல்ல போட ஒரு பெரிய கல் வாங்கட்டுமா?"

கண்ணை மூடிக்கொண்டார். அதற்கு என்ன அர்த்தம்? வேண்டாமா? என்னைத் தொல்லை பண்ணாதே என்றா? செத்தால் தேவலை என்றா?

மார்ச் 12, வியாழன்

வாங்கக் கூடாது. கண்ணெதிரே தினமும் நின்று மனுஷனைக் கேலி செய்யும்.

மார்ச் 13, வெள்ளி

வாங்காமல் இருந்தும் என்ன வாழ்ந்துவிட்டார்? இன்று இரண்டு வாய்தான் சாப்பிட்டார்.

மார்ச் 14, சனி

யாரும் எதிர்பார்க்காமல் 'டோக்கன்' வந்தார். கேன்டீன் வாசலில் டோக்கன் கிழித்தவர், அதனால் அந்தப் பெயர். குட்டியானை வண்டியில் எதையோ சாக்குப் போட்டு மூடிக்கொண்டு வந்திருந்தார். பிரித்துப் பார்த்தால் — இவருடைய கல். அடுப்பு, கால், எல்லாவற்றோடும்.

"கேன்டீன்ல எல்லாம் கரண்டு அடுப்பா மாத்திட்டாங்க அண்ணி. இதை ஷெட்டுல தூக்கிப் போட்டிருந்தாங்க, இரும்புக்கடைக்குப் போக இருந்துச்சு. மாஸ்டர் கல்லாச்சே, விட மனசு வரல."

அவர் உள்ளே தூங்கிக்கொண்டிருந்தார். எழுப்பவில்லை. இதற்குப் பிறகு கடையில் போய் எதற்கு வாங்க வேண்டும்? இத்தனை நாள் மண்டையைக் குடைந்த கேள்வி தீர்ந்தது. ஆனால் கல்லைப் பார்த்தால் குமட்டுகிறது. ஓரமெல்லாம் துரு, மேலே எலிப் புழுக்கை, கரி அடை அடையாக. நாளைக்குச் சுத்தம் செய்துவிட்டுக் காட்டுகிறேன். பளிச்சென்று பார்க்கட்டும்.

மார்ச் 15, ஞாயிறு

நான் பாவி.

மார்ச் 16, திங்கள்

எழுதித்தான் ஆக வேண்டும்.

நேற்று விடிந்ததும் ஆரம்பித்தேன். சோப்புத்தூள், இரும்பு நார், அப்புறம் கம்பி பிரஷ். துரு போனது. கரி போனது. அடியில் வெள்ளையாகத் தெரிய ஆரம்பித்ததும் எனக்கு ஒரு வெறி. மூன்று மணி நேரம். விரல் தோல் உரிந்தது, விடவில்லை. கடைசியில் எவர்சில்வர் தட்டு மாதிரி மின்னியது. பைத்தியக்காரி, பாட்டு வேறு பாடிக்கொண்டிருந்தேன்.

அவரைக் கைத்தாங்கலாக அழைத்து வந்து நிறுத்தினேன். "பாருங்க, யார் வந்திருக்காங்கன்னு!"

பார்த்தார். அடுப்பின் காலை வைத்துத்தான் அடையாளம் கண்டுகொண்டார் போல, ஒரு கால் வளைந்திருக்கும். பிறகு இடது கையால் மேலே தடவினார். உதடு கோணிக்கொண்டு இழுத்தது. ஐந்து மாதத்தில் முதல் வார்த்தை.

"போச்சு."

அப்புறம் அழுதார். சின்னப் பிள்ளை மாதிரி வாய் விட்டு.

இருபத்தாறு வருஷம் எண்ணெய் குடிச்சுக் குடிச்சுக் கறுத்த கல்லு. முட்டை கிழியாம வந்ததே அந்தக் கறுப்பாலதான். எனக்குத் தெரியாதா? சோப்பு போடக் கூடாதுன்னு அத்தனை தரம் கேட்டுச் சிரிச்சவ நான்தானே? வேற எவளாவது செஞ்சிருந்தா தெரியாம செஞ்சாள்னு விடலாம். என்னை எதுல சேர்க்கிறது? அவருகிட்ட மிச்சம் இருந்தது அது ஒண்ணுதான், அதையும் நானே தேய்ச்சுக் கொட்டிட்டேன்.

மார்ச் 17, செவ்வாய்

கடைக்குப் போய் அந்த நாலு பர்னர் கல்லை எனக்காக எடுத்து வைக்கச் சொன்னேன். "எப்பம்மா அனுப்பணும்?" என்றார். சொல்லத் தெரியவில்லை. செய்த தப்புக்கு ஈடாகப் புதுசு வாங்குவதா? அதுவும் வெள்ளையாகத்தானே வரும்?

வீட்டில் அவர் ஒரு வாய்கூடச் சாப்பிடவில்லை.

மார்ச் 18, புதன்

இன்றும் இல்லை. தண்ணீர் மட்டும். மகள் ஊரிலிருந்து கிளம்பி வரட்டுமா என்கிறாள். எதற்கு வரச் சொல்வது என்று பயமாக இருக்கிறது.

மார்ச் 19, வியாழன்

வேலையிலிருந்து வந்தால் அவர் கட்டிலில் இல்லை. பையைப் போட்டுவிட்டு ஓடினேன். பின்வாசலில் புகை.

கல்லுக்கு முன்னால் முக்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார். எப்படி நடந்தார், எப்படி அடுப்பைப் பற்றவைத்தார், கடவுளுக்கே வெளிச்சம். என் பழைய பாவாடைத் துணியை இடது கையில் பந்தாகப் பிடித்து, எண்ணெயில் தொட்டுத் தொட்டுக் கல் முழுக்க மெல்லிசாகத் தேய்த்துக்கொண்டிருந்தார். புகை அடங்கும் வரை காத்திருப்பது, மறுபடி தேய்ப்பது. புதுக் கல்லைப் பழக்குவது இப்படித்தான். கல் தேன் நிறத்துக்கு வந்திருந்தது, திட்டுத் திட்டாக.

"என்னங்க, கை சுட்டுடப் போகுது."

திரும்பவில்லை. மணிக்கட்டில் ஏற்கெனவே ஒரு கொப்புளம். நான் உள்ளே வந்து கதவுக்குப் பின்னால் நின்று அழுதேன்.

மார்ச் 22, ஞாயிறு

நாலாவது நாள். தேன் நிறம் போய்ப் பழுப்பு. இடது கை வலிக்கும்போது துணியின் மறுநுனியை வலது கை விரல்களுக்கிடையில் செருகிக்கொள்கிறார். சாப்பிடுகிறார், கொஞ்சம். என்னோடு பேச்சு கிடையாது. மன்னிப்பாரா? கேட்கும் தைரியம் இல்லை.

மார்ச் 25, புதன்

கடைக்காரர் போன் செய்தார். "வேற ஒருத்தர் கேக்கறாரும்மா. உங்களுக்கு வேணுமா, குடுத்துரவா?"

"குடுத்துருங்க. எங்க வீட்டுல கல்லு இருக்கு."

போனை வைத்துவிட்டுப் பின்வாசலுக்குப் போய்க் கல்லைத் தொட்டுப் பார்த்தேன். அந்தக் கல் பழகவே இல்லையென்றால்?

மார்ச் 29, ஞாயிறு

காலையில் சமையலறை அலமாரியைத் திறக்கும் சத்தம். போய்ப் பார்த்தால் கிண்ணத்தில் இரண்டு முட்டையோடு பின்வாசலுக்குப் போய்க்கொண்டிருந்தார். சுவரைப் பிடித்துப் பிடித்து. நான் பிடிக்கப் போகவில்லை.

கல் கிட்டத்தட்டக் கறுப்பு. இடது கையால் உடைத்தார், ஓடும் சேர்ந்து விழுந்தது. விரலால் பொறுக்கினார். கரண்டியை அடியில் விட்டார், ஒட்டிக்கொண்டது. சுரண்டினார், நாலாகக் கிழிந்தது. முந்நூறு முட்டை போட்டவர். நான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டேன்.

தட்டு என் முன்னால் வந்தது.

"எனக்கா? நீங்க சாப்பிடுங்க."

கரண்டியால் கல்லை இரண்டு தட்டு தட்டினார். வாய் கோணிக்கொண்டு வெகுநேரம் முயன்றது.

"கழுவினது... நீதானே."

முகத்தைப் பார்த்தேன். கோபமா, கேலியா, இரண்டுமா? தெரியவில்லை. நின்றபடியே சாப்பிட்டேன். இரும்பு வாசனை, கசப்பு, நடுவில் ஒரு ஓட்டுத் துண்டு. ஒரு துணுக்கு விடாமல் தின்றேன்.

இரண்டாவது முட்டையும் கிழிந்தது. அதை அவர் தின்றார். தட்டில் மிச்சம் இல்லை.