பட்டாம்பூச்சி ஒதுக்கிய கறிவேப்பிலை

செவ்வாய்த் தளம், செடிக்கூடம்
எழுதுவது: ஜெசிந்தா, பூச்சி ஆய்வாளர்

நாள் 212, காலை 9.10
எலுமிச்சைப் பட்டாம்பூச்சிகளைக் கறிவேப்பிலைச் செடிகளுக்கு நடுவே திறந்துவிட்டேன். பெண் பூச்சி இலையில் உட்கார்ந்து முன்னங்கால்களால் தட்டித் தட்டி ருசி பார்க்கும். தன் புழு இங்கே பிழைக்கும் என்று பட்டால்தான் முட்டை வைக்கும். இன்று எல்லாச் செடியையும் தட்டின. ஒரு முட்டைகூட இல்லை.

நாள் 213, காலை 11.40
இன்றும் இல்லை. தளத்தில் இருப்பது நானும் இயந்திரங்களைப் பார்த்துக்கொள்ளும் வைரவனும்தான். புழு வந்தால் தாளிக்க இலை மிஞ்சாது என்று போன வாரமே முணுமுணுத்தார் மனுஷன். மருந்து அடித்திருக்கிறார், வேறென்ன? கேட்டால் சத்தியமாக இல்லையாம். ஒன்றும் தெரியாத பிள்ளை மாதிரி முகம் வேறு.

மதியம் 1.30
பரீட்சை வைத்தேன். அதே இலையை அள்ளிப் போட்டு ரசம். வைரவன் கறிவேப்பிலையை ஒதுக்கவே மாட்டார். நான் ஒதுக்கினாலே திட்டுவார். இன்று ஒன்றை மென்றுவிட்டு மீதியைத் தட்டின் ஓரத்தில் தள்ளினார். கசக்கிறதாம். வசமாக மாட்டிக்கொண்டார். நான் ரசத்தைத் தொடவில்லை.

நாள் 214, காலை 8.00
படுக்கையைச் செடிக்கூடத்துக்கே கொண்டுவந்துவிட்டேன். கதவைத் திறக்கும் எண்ணையும் மாற்றியாயிற்று. இந்தக் குறிப்பையும் அவர் கண்ணில் படாதபடி பூட்டிவிட்டேன். நேரே பூமிக்குப் போகும். போய்ச் சேர இருபது நிமிடம். என் செடியை இனி எவன் தொடுகிறான் பார்ப்போம்.

மாலை 4.15
ஒலிபெருக்கியில் வைரவன்:
"ஜெசிந்தா, குளிரூட்டுற குழாய்ல அழுத்தம் இறங்கிக்கிட்டே இருக்குங்க. கசிவு உங்க பக்கம்தான். அதுல வர்ற விஷ ஆவிக்கு வாசனையே கிடையாது. தயவுசெஞ்சு வெளிய வாங்க."
நல்ல நாடகம். கதவைத் திறக்க வைக்கப் பார்க்கிறார். தலை வலிக்கிறது. சரியாகத் தூங்கவில்லை, அதனால் இருக்கும்.

மாலை 6.05
பூச்சிகள் ஒவ்வொன்றாகத் தரையில் விழுகின்றன. எழுந்திருக்கப் பார்த்தேன், கால் நிற்கவில்லை. மருந்து இல்லை. இலையில் ஏறியது குழாயின் ஆவி. இந்தச் செடி வேண்டாம் என்று பூச்சி மூன்று நாளாகச் சொல்லியிருக்கிறது. நான் ஆளைச் சந்தேகப்பட்டேன், குழாயைப் பார்க்கவே இல்லை. பாவம் வைரவன், அவர் வாயில் அதையே ஊட்டினேனே.

மாலை 6.20
கதவுக்கு வெளியே வைரவன்:
"கதவு நம்பரைச் சொல்லுங்க ஜெசிந்தா. அறுத்துத் திறக்க ராத்திரி ஆயிடும். நம்பர் மட்டும் சொல்லுங்க, போதும்."

வாய் திறந்தேன். நாக்கு எழவில்லை. விரல் மட்டும் அசைகிறது

பூமியில் படிக்கிறவர்களே எண் 4419
வைரவனுக்குச் சொல்லுங்கள்
அங்கே வர இருபது இங்கே திரும்ப இருபது
4419
தட்டிக்கொண்டே இருக்கிறார்