காய்ச்சல் இல்லாத விடுதி

செப்டம்பர் 2
காலைச் சாப்பாட்டுக்குப் பாதிப் பேர் வரவில்லை. மாடி முழுக்க இருமல். டாக்டரம்மா பார்த்துவிட்டு, "ஃப்ளூதான். தனியாப் படுக்க வைங்க, வெளியே அனுப்பாதீங்க" என்றார். கீழே இரண்டு அறைகளை ஒழித்துக் கட்டில் போட்டேன். வார்டனாக வந்த பிறகு உருப்படியாகச் செய்த முதல் வேலை.

செப்டம்பர் 3
பிரின்சிபால் வந்து பார்த்தார். அடுத்த வாரம் ஆய்வுக் குழு வருகிறதாம். "இன்டிகி பம்பின்ச்சேயண்டி" என்றார் தெலுங்கில். வீட்டுக்கு அனுப்பிவிட்டால் நோய் போய்விடுமா? எங்கே போகும்? வாதாடிப் பார்த்தேன். முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

செப்டம்பர் 4
காய்ச்சல்காரப் பிள்ளைகள் எல்லோரும் பையோடு கிளம்பிவிட்டார்கள். நாகலாபுரத்து யாமினி மட்டும் நகரவில்லை.

"என்னை அனுப்பாதீங்க மேடம். எங்கக்கா தலைப்பிரசவத்துக்கு வந்துகீறா. எங்க வூட்ல ஒரே ரூமுதான்."

அவள் உடம்பு கொதித்தது. என் குவார்ட்டர்ஸில் ஓர் அறை சும்மாதான் கிடக்கிறது. சொல்ல வாயெடுத்தேன். பிரின்சிபால் வராந்தாவில் நின்றுகொண்டிருந்தார். "மாஸ்க் போட்டுக்கோ, அக்கா பக்கத்துல போவாதே" என்று பஸ் ஏற்றிவிட்டேன்.

ஒரே ரூமில் எங்கே தள்ளிப் படுப்பாள்? தபீதா, நீயெல்லாம் ஒரு வார்டனா, உனக்குப் புத்தி இருக்கிறதா?

செப்டம்பர் 7
விடுதியில் ஒரு தும்மல்கூட இல்லை. இந்த அமைதி எனக்குப் பிடிக்கவேயில்லை. யாமினிக்குப் போன் செய்தேன்.

"எனக்கு வுட்டுப்போச்சு மேடம். அக்காவுக்குத்தான் நேத்துலேர்ந்து சுடுது. மூச்சு வாங்குறா."

இப்பவே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போ என்றேன்.

"நைனா ஏர்பேட்டுக்கு வேலைக்குப் போய்க்கீறாரு. வந்துரட்டும் மேடம்."

அப்பா வந்துரட்டுமா! கத்திவிட்டேன்.

செப்டம்பர் 8
போனை எடுக்கவில்லை. சர்ச் ஆராதனையில் மனசு ஒட்டவில்லை. எடுத்துத் தொலையேன்டீ.

செப்டம்பர் 10
ஆய்வுக் குழு வந்தது. நோய்த்தடுப்பில் முன்மாதிரி விடுதி என்று எனக்குச் சால்வை போர்த்தினார்கள். நானும் குனிந்து வாங்கிக்கொண்டேன்.

செப்டம்பர் 12
யாமினியின் அக்கா செத்துப்போனாள். குழந்தையை உயிரோடு எடுத்துவிட்டார்களாம்.

அக்டோபர் 14
யாமினி டி.சி. வாங்க வந்தாள். தோளில் குழந்தை.

"பொம்பளப் புள்ள மேடம். புட்டிப்பால்தான் குடிக்குது."

"பரீட்சையாவது எழுதேம்மா."

"தை மாசம் கல்யாணம் மேடம். அக்கா புருசனுக்கே என்னைக் குடுக்கறாங்க. இதுக்கு வேற யாரு இருக்காங்க?"

கையெழுத்துப் போட்டேன். அவள் என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருக்கலாம். படியிறங்கும்போது திரும்பி, குழந்தையின் கையைத் தூக்கி எனக்கு டாட்டா காட்டினாள்.