மாடில்லாத வீட்டுக்குப் பருத்திக்கொட்டை

இன்று காலை என் மனைவி மாட்டுக்குப் பருத்திக்கொட்டை ஆட்டினாள். அந்தப் பச்சை வாடை மூக்கில் ஏறியதும் எழுந்து தெருவுக்கு வந்துவிட்டேன். கூட்டாளி, நீ கண்ணை மூடிய பிறகும் அந்த வாடைக்கு என் தலை தானாகக் குனிகிறது.

ஜப்பான் சண்டைக் காலத்தில் பருத்தி, பருத்தி என்று அலைந்தவன் நான். வாசல்வரைக்கும் விதைத்தேன்; முருங்கையைக்கூட வெட்டினேன். நீயோ துண்டு நிலத்தில் கம்பு, பயறு, கத்தரி, கூரைமேல் சுரைக்கொடி, நாலு ஆடு, கோழி என்று வைத்திருந்தாய். "இது விவசாயமாலே, சொப்பு விளையாட்டா?" என்று சிரிப்பேன். "அடுப்பக் கேட்டு வெதைக்கேன், வேற என்னத்த?" என்பாய்.

ரங்கூன் அரிசி வருவது நின்றது. தூத்துக்குடியில் பருத்தி ஏற்றக் கப்பல் இல்லை. எந்த வியாபாரியும் என் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. வீடு நிறையப் பருத்தி, பானையில் ஒன்றுமில்லை. பிள்ளைகள் பசியில் சுருண்டு கிடந்தார்கள். உன்னிடம் கேட்க எனக்கு வாய் வரவில்லை. "ஒங்க வெக்கத்தையா வடிச்சுப் போடச் சொல்லுதிய?" என்று மனைவி அழுதாள்.

மறுநாள் பட்டப்பகலில் நீயே கம்பு மூட்டையோடு வந்தாய். "ஏலே, மாட்டுக்குப் பருத்திக்கொட்ட வேணும். சும்மா தர மாட்டியே, இந்தா கம்பு!" என்று தெருவுக்கே கேட்கும்படி கத்தினாய். உன் தொழுவில் மாடே கிடையாது. ஊருக்கே தெரியும். ஒருவர் வாய் திறக்கவேண்டுமே! மழை பெய்து என் வீட்டில் அடுப்பு எரியும்வரை இதையே சொல்லிக்கொண்டு வந்தாய்.

ஒரு நாள் என் மனைவி பொறுக்காமல், "மாடு எங்க அண்ணாச்சி?" என்றாள்.

"வாங்கணும்லா தாயி. மொதல்ல தீவனத்தச் சேக்கேன்."

கதவுக்குப் பின்னால் நின்ற எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போலிருந்தது.

இப்போது நீ இல்லாமல் உன் தோட்டம் காய்ந்து கிடக்கிறது. நேற்று நான் கம்பு மூட்டையோடு உன் வாசலில் நின்றேன். உன்னைப் போலக் கத்தத்தான் நினைத்தேன், மெல்லத்தான் கேட்டேன். "மதினி, மாட்டுக்குப் பருத்திக்கொட்ட இருக்கா?" என்றேன். பருத்தியே விளையாத வீடுதான்; வேறு என்ன சொல்லிக் கம்பைக் கொடுப்பது என்று தெரியவில்லை.

உன் மனைவி வாசலுக்கு வந்து, தெருவுக்கே கேட்கும்படி, "கொட்ட இல்ல, சொர வெதைதான் இருக்கு. அதையும் சும்மா தர மாட்டேன், கம்ப எறக்குங்க!" என்றாள்.

கொடுக்கப் போன இடத்திலும் என் மானத்தை உன் வீடுதான் காப்பாற்றி அனுப்பியது. விதை இன்னும் மடியில்தான் இருக்கிறது. முருங்கை நின்ற இடத்தில் ஊன்றப் போகிறேன்.